ஒரு பிள்ளைக்கு ஓர் ஆள்

தமிழ்நாட்டில் குழந்தைகள் இல்லம் ஒன்றுக்கு உதவ நினைப்பவர் பெரும்பாலும் என்ன செய்கிறார்? பிறந்தநாளுக்கோ பெற்றோரின் நினைவுநாளுக்கோ ஒருவேளைச் சாப்பாடு போடுகிறார். அரிசி மூட்டையும் புதுத்துணியும் வாங்கித் தருகிறார். வசதி கூடுதலாக இருந்தால் ஓர் அறையோ கழிப்பறையோ கட்டிக் கொடுக்கிறார். ஏதோ ஓர் இல்லத்தில் கொடுமை நடந்ததாகச் செய்தி வந்தால் அரசு என்ன செய்கிறது? கண்காணிப்புக் கேமரா பொருத்தச் சொல்கிறது, திடீர் ஆய்வு நடத்துகிறது, பதிவில்லாத இல்லத்துக்குச் சீல் வைக்கிறது, பிள்ளைகளை வேறோர் இல்லத்துக்கு மாற்றுகிறது. இந்த இரண்டு வகைச் செயலுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கைதான். ஆதரவற்ற பிள்ளைக்கு வேண்டியது நல்ல இடம். மூன்று வேளைச் சோறும் படிப்பும் பாதுகாப்பான சுவரும் அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பது அது. கொடுப்பவர்களின் மனத்தில் குறை காண எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கை தவறானது. அதன் விலையைப் பிள்ளைகள்தான் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது ஓர் ஆள். பிள்ளை ஏன் இங்கே வந்தது என்பதை அறிந்த, அதன் ஊருக்குப் போய்ப் பார்த்துவந்த, அது சொந்தக் காலில் நிற்கும்வரை மாறாமல் கூட வரும், பயிற்சி பெற்ற ஒரு சமூகப் பணியாளர். இன்று நம் ஏற்பாட்டில் மிகப் பலவீனமான கண்ணி அவர்தான்.

முதலில் அந்த ‘ஆதரவற்ற’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2016-17இல் நாடு முழுவதும் உள்ள குழந்தைகள் இல்லங்களைக் கணக்கெடுக்கச் செய்தது. 9,589 இல்லங்கள் கணக்கில் வந்தன. மாநிலங்களில் தமிழ்நாட்டில்தான் எண்ணிக்கை அதிகம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகள் என்று அவற்றில் இருந்தவர்கள் 3,70,227 பேர். இவர்களில் பெற்றோரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், பெற்றோரால் ஒப்படைக்கப்பட்டவர்கள் என்ற மூன்று வகையினரையும் கூட்டினாலும் 56,198தான். நூற்றுக்குப் பதினைந்து பேர். அம்மா மட்டுமோ அப்பா மட்டுமோ உள்ள பிள்ளைகள் 1,20,118. அநாதை இல்லம் என்று ஊர் அழைக்கும் கட்டடத்தில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அநாதைகள் அல்லர். அவர்களுக்கு எங்கோ ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது. கணவன் இறந்தபின் செங்கல் சூளைக்கோ பனியன் கம்பெனிக்கோ வேலைக்குப் போகும் தாய் பிள்ளையை இரவில் யாரிடம் விடுவது என்று தெரியாமல் இல்லத்தில் சேர்த்திருப்பாள். ஒரு பிள்ளையின் தகப்பன் குடிக்கிறான். ஒரு பிள்ளைக்கு மறுமணம் செய்துகொண்ட வீட்டில் இடமில்லை. இன்னொன்றின் ஊரில் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளியில்லை. பிரச்சினை நான்கு விதமாக இருக்க, நாம் நான்குக்கும் கொடுக்கும் மருந்து ஒன்றே: ஒரு படுக்கை.

அந்தத் தாய்க்கு விதவை உதவித்தொகை வாங்கிக் கொடுத்திருந்தால் பிள்ளை வீட்டிலேயே இருந்திருக்கலாம். பள்ளி தூரம் என்ற பிள்ளைக்கு ஆதிதிராவிடர் நல விடுதியோ பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியோ போதும். அங்கே அது மாணவனாகப் போகும், விடுமுறைக்கு வீடு திரும்பும், யாரும் அதை அநாதை என்று அழைக்க மாட்டார்கள். மத்திய அரசின் மிஷன் வத்சல்யா திட்டத்தில் குடும்பத்தோடு வாழும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. இல்லத்தில் இருக்கும் பிள்ளையின் பராமரிப்புக்கு அதே திட்டம் ஒதுக்குவது 3,000. அரசின் கணக்கே குடும்பத்தின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் அந்த 4,000 ரூபாய் தானாக வீடு தேடி வராது. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000, நகரத்தில் 96,000 என்ற வரம்புக்குள் இருப்பதாகச் சான்று வேண்டும். இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார், பள்ளிச் சான்று எல்லாம் வேண்டும். கையெழுத்துப் போடத் தடுமாறும் பாட்டி ஒருத்தி கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் எத்தனை முறை நடப்பாள்? இப்படிப்பட்ட திட்டம் ஒன்று இருக்கிறது என்பதையே அவளிடம் சொல்வதற்கு ஓர் ஆள் இல்லையென்றால், பிள்ளையை இல்லத்தில் விடுவதே அவளுக்குத் தெரிந்த ஒரே வழி.

இந்த உண்மையைச் சட்டம் நன்றாகவே அறிந்திருக்கிறது. குழந்தைகளுக்கென்று இந்தியாவிலேயே முதல் சட்டத்தை 1920இல் இயற்றிய மாகாணம் சென்னை. நூறாண்டுச் சிந்தனையின் விளைவாக வந்த 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பதை அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாகவே எழுதிவைத்திருக்கிறது. பிள்ளையை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் அதைக் கொண்டுவந்ததும் சமூக விசாரணை நடக்க வேண்டும், பதினைந்து நாளில் அது முடிய வேண்டும், நான்கு மாதத்துக்குள் குழு இறுதி ஆணை பிறப்பிக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதச் சொல்கிறது. தமிழகக் காப்பகங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவது பற்றி 2007இல் தொடங்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் தீர்ப்பளித்தபோது, அந்த ஆண்டு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தத் தனிநபர் பராமரிப்புத் திட்டம் இருக்க வேண்டும் என்று காலக்கெடு விதித்தது. சட்டம் வந்து ஓராண்டுக்கு மேலாகியும் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் இப்படி ஆணையிட வேண்டியிருந்தது என்பதே நடைமுறை எங்கே நின்றது என்பதைச் சொல்லிவிடுகிறது.

ஏன் நின்றது என்பதைப் புரிந்துகொள்ள, சமூக விசாரணை அறிக்கை என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். அது ஒரு படிவம். பெயர், வயது, குடும்ப விவரம், வருமானம், உடல்நலம், படிப்பு, பிள்ளையின் விருப்பம் என்று கட்டங்கள் இருக்கும். அதை அலுவலக மேசையில் உட்கார்ந்து, பிள்ளை சொன்னதை வைத்து அரைமணி நேரத்தில் நிரப்பிவிடலாம். உண்மையாக நிரப்ப வேண்டுமென்றால் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போக வேண்டும். அம்மாவிடம் பேசினால் மட்டும் போதாது. பக்கத்து வீட்டில், அங்கன்வாடியில், பழைய பள்ளியின் ஆசிரியரிடம் பேச வேண்டும். தகப்பன் குடிக்கிறான் என்பது தெரிந்த சேதி. அவன் குடித்தால் பிள்ளை எங்கே போய் ஒளியும், யார் வீட்டில் படுக்கும் என்பதுதான் தெரிய வேண்டியது. ஏனென்றால் அந்த வீட்டில் இருக்கும் சித்தியோ தாய்மாமனோதான் நாளைக்குப் பிள்ளையை வைத்துக்கொள்ளக் கூடியவர். முதல் தடவை போகும்போது யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். இரண்டாம் தடவை போக வேண்டியிருக்கும். இத்தனையும் செய்து எழுதிய அறிக்கையைப் படிக்கும் குழு சரியான முடிவெடுக்கும். மேசையில் எழுதிய அறிக்கையைப் படிக்கும் குழுவுக்கு, ‘இல்லத்தில் சேர்க்கவும்’ என்பதைத் தவிர வேறு எதையும் எழுதத் தைரியம் வராது. அந்த உறுப்பினர்களைக் குறை சொல்லவும் முடியாது; தெரியாத வீட்டுக்குப் பிள்ளையை அனுப்ப யார்தான் துணிவார்கள்?

இந்த வேலைக்கு நாம் எத்தனை பேரை வைத்திருக்கிறோம்? நூறு பிள்ளைகள் கொண்ட இல்லத்துக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் மத்திய மாதிரி விதிகள் காட்டும் பணியாளர் பட்டியலில் வழக்குப் பணியாளர் மூன்று பேர். எல்லா இடமும் நிரம்பியிருந்தாலே ஒருவருக்கு முப்பத்துமூன்று பிள்ளைகள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பாதுகாப்பு அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர், புறத்தொடர்புப் பணியாளர் என்று பதவிகள் உண்டு. ஒரு மாவட்டம் முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், தொகுப்பூதியத்தில், ஒப்பந்த அடிப்படையில். குழந்தைத் திருமணம், பள்ளி இடைநிற்றல், கூட்டங்கள், புள்ளிவிவர அறிக்கைகள் எல்லாம் அவர்கள் தலையில்தான். நிரந்தர வேலை எங்கே கிடைத்தாலும் போய்விடுவார்கள். போகாமல் இருக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை. இதே தமிழ்நாட்டில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் சமூகப் பணிக் கல்லூரியைத் தொடங்கினார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நாம் சமூகப் பணியாளர்களைப் படிக்கவைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம். படித்தவர்களில் பலர் தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவுகளுக்குப் போகிறார்கள், ஏனென்றால் அங்கேதான் நிலையான சம்பளம். ஆள் பற்றாக்குறை என்று சொல்லப்படுவது உண்மையில் வேலைக்கு நாம் வைத்த மதிப்பின் பற்றாக்குறை.

இங்கே எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லங்கள் பிள்ளைகளுக்குக் கெடுதல் என்பது மேலைநாட்டுக் கருத்து, நம் நிலைமைக்குப் பொருந்தாது என்பார்கள். அதற்கு ஆதாரமும் உண்டு. கேத்ரின் வெட்டன் தலைமையில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கம்போடியா, எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளில், நம் ஹைதராபாத்தும் நாகாலாந்தும் உட்பட, ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோரை இழந்து உறவினர் வீடுகளில் வளர்பவர்களைவிட இல்லங்களில் வளர்பவர்கள் உடல்நலத்திலோ அறிவு வளர்ச்சியிலோ மோசமாக இல்லை என்று அவர்கள் கண்டார்கள். இந்த முடிவை நான் மறுக்கவில்லை. அது எதை எதோடு ஒப்பிடுகிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். எந்த உதவியும் எட்டாத ஏழை உறவினர் வீட்டையும், ஓரளவு சோறும் மருந்தும் கிடைக்கும் இல்லத்தையும் அது ஒப்பிடுகிறது. உதவி பெற்ற குடும்பம் அந்த ஒப்பீட்டில் இல்லை. மேலும், அதே குழுவினர் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, இல்லம், குடும்பம் என்ற இரண்டு வகைகளுக்கு இடையே இருந்த வேறுபாட்டைவிட ஒவ்வொரு வகைக்குள்ளும் பிள்ளைக்குப் பிள்ளை இருந்த வேறுபாடு மிகப் பெரிது என்று கண்டார்கள். எந்த வகை இடம் என்பது தீர்மானிக்கவில்லை என்றால், ‘நல்ல இடம் போதும்’ என்ற நம்பிக்கைக்கு இந்த ஆய்வு எப்படித் துணையாகும்? பிள்ளையைப் பிள்ளையாகத் தனித்தனியே பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் அது சாட்சி.

கைக்குழந்தைகள் விஷயத்திலோ சாட்சியம் இன்னும் கடுமையானது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளைச் சீட்டுப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, இன்றுவரை பின்தொடர்கிறார்கள் சார்லஸ் நெல்சன், சார்லஸ் ஜீனா, நாதன் ஃபாக்ஸ் ஆகிய மூவரும். வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் அறிவிலும் பாசப் பிணைப்பிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் அதிகம் முன்னேறினார்கள். இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த வளர்ப்புக் குடும்பங்கள் தனியே விடப்பட்டவை அல்ல. அவற்றுக்கென்றே பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் இருந்தார்கள். அடிக்கடி வீடு தேடி வந்தார்கள். குழந்தை அழுதால், ஒட்டாமல் விலகினால், என்ன செய்வது என்று கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே வென்றது குடும்பமும் அந்த ஆளும் சேர்ந்துதான்.

அந்த ஆளை விட்டுவிட்டுக் குடும்பத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை நம் நாடே ஒருமுறை காட்டியது. 2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, இல்லங்களில் உள்ள பிள்ளைகளை நூறு நாளில் வீட்டுக்கு அனுப்பச் சொன்னது. நாட்டின் இல்லங்களில் இருந்த 2.56 லட்சம் பிள்ளைகளில் 1.84 லட்சம் பேர் இந்த மாநிலங்களில்தான் இருந்தார்கள். வேறொரு கணக்கின்படி, ஏற்கெனவே கொரோனா காலத்தில் 2,27,518 பிள்ளைகளில் 1,45,788 பேர் வீடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள். அப்படிப் போனவர்களின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் தர வேண்டும் என்று அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பணம் அவசியம்தான். ஆனால் இத்தனை பிள்ளைகளின் வீட்டை நூறு நாளில் யார் போய்ப் பார்த்திருக்க முடியும்? இருக்கும் பணியாளர்களைக் கொண்டு நூறு நாளில் அதைச் செய்து முடிக்கலாம் என்று எண்ணியவர்கள், சமூக விசாரணை என்பதைத் தபால் பட்டுவாடா போன்ற ஒன்றாக எண்ணியிருக்கிறார்கள். பிள்ளை எந்தக் காரணத்தால் வீட்டைவிட்டு வந்ததோ அந்தக் காரணம் வாசலிலேயே காத்திருக்கும்போது அதைத் திருப்பி அனுப்புவது மறுவாழ்வு ஆகாது. இல்லமே தீர்வு என்பவர்களும் வீடே தீர்வு என்பவர்களும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். இருவரும் பிள்ளையை எங்கே வைப்பது என்று மட்டுமே கேட்கிறார்கள். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம், பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. நான் முழுமனதோடு வரவேற்கும் திட்டம் இது. அந்தப் பணம் பிள்ளைக்குத்தான் செலவாகிறதா, பத்தாம் வகுப்பில் அது பள்ளியைவிட்டு நின்றால் யார் போய்க் கேட்பது என்ற கேள்விக்கும் இதே ஆளைத்தான் நாம் தேட வேண்டியிருக்கிறது.

ஆய்வும் கேமராவும் இருந்தால் குறைந்தது கொடுமையாவது தடுக்கப்படும் என்பார்கள். ஆய்வு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆய்வுக்கு வரும் அதிகாரி சமையலறையையும் பதிவேட்டையும் படுக்கையையும் பார்க்கிறார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஏதாவது குறை உண்டா என்று கேட்கிறார். இல்லத்துப் பொறுப்பாளர் பக்கத்தில் நிற்க, முன்பின் தெரியாத ஒருவரிடம், தன் உடம்பில் நடந்ததை எந்தப் பிள்ளை சொல்லும்? குளியலறையிலும் இருட்டிலும் நடப்பதைக் கேமரா பார்ப்பதில்லை. பிள்ளை வாய் திறப்பது பழகிய முகத்திடம்தான். மாதம் இருமுறை வந்து, இல்லத்துக்கு வெளியே கூட்டிப்போய்ப் பேசும், இல்லத்திடம் சம்பளம் வாங்காத ஒருவர் இருந்தால், அது எந்தக் கேமராவையும்விடப் பெரிய காவல்.

பதினெட்டு வயதில், ஓர் ஆள் இல்லாத இந்தக் குறை முழு வடிவத்தில் வெளியே தெரிகிறது. நேற்றுவரை இல்லத்தின் அனுமதியின்றி வாசலைத் தாண்டாத பிள்ளை, இன்று வாடகை வீடு பார்க்க வேண்டும், முன்பணம் கட்ட வேண்டும், சாதிச் சான்றிதழும் இருப்பிடச் சான்றிதழும் இல்லாமல் கல்லூரி விண்ணப்பம் நிரப்ப வேண்டும், காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் செய்வது என்று தெரியாமல் படுத்திருக்க வேண்டும். இல்லத்தைவிட்டு வெளியேறியபின் தரும் பிற்காப்பு உதவியை 21 வயதுவரை, தேவையானால் 23 வரை தரலாம் என்கிறது மத்திய மாதிரி விதி. மாதம் 4,000 ரூபாய் தருகிறது மிஷன் வத்சல்யா. இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவில் இந்த உதவி ‘வழங்கப்படலாம்’ என்றே இருக்கிறது. அந்த ‘லாம்’ என்ற விகுதியில் எத்தனையோ இளைஞர்களின் வாழ்க்கை தொங்குகிறது. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிப்பிலிருந்து வெளியேறும் ஒவ்வோர் இளைஞருக்கும் தனி ஆலோசகர் ஒருவரைக் கட்டாயமாக்கியது. 2017இல் வந்த சட்டம் அதை 25 வயதுவரை நீட்டியது. அங்கும் குறைகள் ஏராளம். ஆனால் அங்கே சட்டம் ஒரு தொகையோடு ஓர் ஆளையும் பெயர் சொல்லிக் கொடுக்கிறது. இங்கே தொகை மட்டும் இருக்கிறது, அதுவும் கேட்கத் தெரிந்தவருக்கு.

இங்கிலாந்தைச் சொன்னதும், அங்கே சமூகப் பணியாளர்கள் காகிதத்தில் மூழ்கிக்கிடக்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அது உண்மை. ஐலீன் மன்ரோ 2011இல் அங்குள்ள அரசுக்கு அளித்த அறிக்கை, விதிகளும் கணினிப் பதிவுகளும் பெருகி, பிள்ளைகளோடு செலவிட வேண்டிய நேரத்தை விழுங்கிவிட்டதாகக் கண்டித்தது. ஆகவே பணியிடங்களைக் கூட்டினால் மட்டும் போதாது என்பதை ஏற்கிறேன். ஒருவரிடம் இத்தனை பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்ற வரம்பும், அவர் மாறாமல் இருப்பதற்கான நிரந்தரப் பணியும் சேர்ந்தே வர வேண்டும். அமெரிக்காவின் மில்வாக்கியில் 2003, 2004இல் பராமரிப்புக்கு வந்த பிள்ளைகளைப் பற்றிய ஆய்வில், ஒரே பணியாளரிடம் இருந்த பிள்ளைகளில் 74.5 விழுக்காட்டினருக்கு நிலையான குடும்பம் அமைந்தது. இரண்டு பணியாளர்களிடம் கைமாறியவர்களில் 17.5 விழுக்காட்டினருக்கே அமைந்தது. நீண்ட காலம் பராமரிப்பில் தங்கும் பிள்ளைகளுக்கு இயல்பாகவே பணியாளர்கள் மாறுவார்கள் என்பதால் இந்த வித்தியாசம் முழுவதையும் மாற்றத்தின் மேல் போட முடியாது. அப்படிக் கழித்துவிட்டாலும் மிஞ்சுவது சிறிதல்ல. ஒவ்வொரு புதுப் பணியாளரும் வந்து முதல் பக்கத்திலிருந்து கேள்வி கேட்கும்போது, பிள்ளை தன் துயரத்தை மறுபடி மறுபடி சொல்லி அலுத்து ஒரு நாள் வாயை மூடிக்கொள்கிறது.

பணத்துக்கு எங்கே போவது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பணியாளருக்கு மாதம் 50,000 ரூபாய் சம்பளம் கொடுத்து, அவரிடம் 25 பிள்ளைகளுக்கு மேல் கொடுக்காமல் இருந்தால், ஒரு பிள்ளைக்கு மாதம் ஆகும் செலவு 2,000 ரூபாய். இல்லத்தில் தங்கவைக்க ஒதுக்கப்படும் 3,000 ரூபாயைவிட அது குறைவு. அந்த ஆளின் உழைப்பால் சில பிள்ளைகளாவது இல்லத்துக்கு வராமலே தாயிடமோ பாட்டியிடமோ தங்கினால், பல பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் தங்காமல் சில மாதங்களில் திரும்பினால், செலவின் பெரும்பகுதி அங்கேயே ஈடாகிவிடும். நாம் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தபோது யாரும் ‘பணத்துக்கு எங்கே போவது’ என்று கேட்டதில்லை. இல்லங்களை நாளைக்கே மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போக இடமே இல்லாத, வீட்டிலேயே ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அவை தேவை. சாதியும் நிறமும் கேட்டுத் தயங்கும் நம் குடும்பங்களுக்குள் வளர்ப்புப் பராமரிப்பு வேரூன்றக் காலம் எடுக்கும் என்பதால் இன்னும் சில ஆண்டுகள் நிச்சயம் தேவை. ஆனால் இல்லத்தில் இருக்கும் பிள்ளைக்கும் அந்த ஆள் வேண்டும். வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைக்கும், பதினெட்டு முடிந்து வெளியேறும் பிள்ளைக்கும் வேண்டும். தமிழக அரசு இந்தப் பணியிடங்களை நிரந்தரமாக்கி, ஒருவருக்கு 25 பிள்ளைகள் என்ற வரம்பை விதியிலேயே எழுதி, பிற்காப்பில் உள்ள ‘வழங்கப்படலாம்’ என்பதை இங்கேயாவது ‘வழங்கப்படும்’ என்று தன் சொந்த ஆணையால் உறுதி செய்ய வேண்டும்.

கொடுக்கும் மனமுள்ள வாசகரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ஓர் இல்லத்துக்குச் சாப்பாடு போடப் போகும்போது பொறுப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கான வழக்குப் பணியாளர் யார்? எத்தனை மாதமாக இங்கே இருக்கிறார்? கடைசியாக எந்தப் பிள்ளையின் ஊருக்குப் போய்வந்தார்? பதில் கிடைக்காவிட்டால், நீங்கள் கொண்டுவந்த பணத்தை அப்படி ஒரு பணியாளரின் சம்பளத்துக்குக் கொடுங்கள்.